தாடை மூட்டு வலி: பயிற்சியா, நைட் கார்டா, ஊசியா, மூட்டுக் கழுவலா?

காதுக்கு முன்னால் வலி, வாயைத் திறந்தால் "டக்" என்று சத்தம், காலையில் எழுந்தால் தாடை இறுக்கம். இந்த மூன்றோடு நாலு இடம் போய் வந்தவர்கள் கையில் நாலு விதமான யோசனை இருக்கும். பல் மருத்துவர் நைட் கார்டு, அதாவது இரவில் பல்லில் மாட்டும் தட்டு, போடச் சொல்லியிருப்பார். தாடை அறுவை மருத்துவர் எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு மூட்டைக் கழுவலாம் என்றிருப்பார். பிசியோதெரபிஸ்ட் பயிற்சியே போதும் என்பார். அழகுசாதன கிளினிக்கோ கன்னத்தில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டால் வலியும் போகும், முகமும் ஒடுங்கும் என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரே சங்கிலியின் வேறு வேறு கண்ணியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சங்கிலியைப் புரிந்துகொண்டால் எதற்கு முதலில் பணம் கொடுப்பது என்பது தெளிவாகும்.

## சுமை எப்படி அழற்சியாகிறது

தாடை எலும்பின் குமிழ் போன்ற தலைக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவே நார்க்குருத்தெலும்பால் ஆன ஒரு வட்டு இருக்கிறது. வாய் திறக்கும்போது குமிழ் முதலில் சுழலும், பிறகு வட்டோடு சேர்ந்து முன்னால் வழுக்கும். வட்டின் நடுப்பகுதியில் ரத்தக் குழாய் கிடையாது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பின் நிலையும் அதுவே. இரண்டுக்கும் ஆக்சிஜனும் உணவும் பெரும்பாலும் மூட்டு நீரிலிருந்துதான் வர வேண்டும். தாடை அசைய அசைய அந்த நீர் உள்ளே போய் வெளியே வருகிறது.

பல்லைக் கடித்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் அசைவு நின்று அழுத்தம் மட்டும் மிஞ்சுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் மைலம் 1990களில் முன்வைத்த கருத்து இது: அழுத்தம் அதிகமானால் மூட்டின் உள்உறையிலுள்ள நுண்குழாய்களில் ரத்தம் நிற்கிறது; பல்லைத் தளர்த்தியதும் ரத்தம் திரும்பப் பாய்கிறது; அப்போது ஃப்ரீ ராடிக்கல்கள் எனப்படும், பக்கத்தில் உள்ளதைத் தாக்கும் மூலக்கூறுகள் உருவாகின்றன. இவை மூட்டு நீரின் கொழகொழப்புக்குக் காரணமான ஹயலூரானிக் அமிலத்தை உடைக்கின்றன. எருசலேமைச் சேர்ந்த டோரிட் நிட்சான் அடுத்த கண்ணியைச் சேர்த்தார். மூட்டுப் பரப்பில் மசகு போல் படிந்திருக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் படலத்துக்கு அந்த ஹயலூரானிக் அமிலம்தான் காவல். காவல் போனால் நொதிகள் படலத்தைக் கரைத்துவிடும், உராய்வு கூடும், வட்டு மேல் குழியோடு ஒட்டிக்கொள்ளும்.

அளவுக்கு மீறி நசுங்கும் குருத்தெலும்புச் செல்கள் வேறொரு வேலையும் செய்கின்றன. இன்டர்லூக்கின்-1 பீட்டா, டி.என்.எஃப்.-ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்கள் வெளியாகின்றன. அவை எம்.எம்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நொதிகளைத் தூண்டிவிட, நொதிகள் குருத்தெலும்பின் சட்டகத்தையே அறுக்கின்றன. அறுபட்ட துணுக்குகள் நீரில் மிதந்து அழற்சியை மேலும் கிளறுகின்றன. அழற்சியில் உருவாகும் ப்ரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் நரம்பு நுனிகளைக் கூர்மையாக்குகிறது. அப்புறம்தான் நமக்கு வலி தெரிகிறது. வலியுள்ள தாடை மூட்டுகளின் நீரில் இந்தப் பொருட்களை ஆய்வாளர்கள் பலமுறை அளந்திருக்கிறார்கள்.

அப்படியானால் தாடையை அசைக்காமல் வைத்திருந்தால் சரியாகிவிடுமா? ஆகாது. சுதா அகர்வாலின் குழு 2001இல் தாடை மூட்டுச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, மெதுவாக, சீரான தாளத்தில் இழுத்துப் பார்த்தது. இன்டர்லூக்கின்-1 பீட்டா செய்யும் நாசத்தை அந்த மென்மையான இழுப்பு அடக்கியது. இழுப்பின் விசையைக் கூட்டினால் கதை தலைகீழாகி, இழுப்பே அழற்சியைத் தூண்டும் என்பதையும் அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. ஆகவே இந்த மூட்டுக்குச் சுமை வேண்டும். கெடுதல் செய்வது அதன் அளவும் விதமும். கீழே வரும் எல்லா வழிகளையும் நான் இந்தக் கண்ணோட்டத்தில்தான் எடை போடுகிறேன்.

## எடை போட என்னென்ன பார்க்க வேண்டும்

முதல் கேள்வி, வலி மூட்டிலா தசையிலா. காதுத் துளைக்கு முன்னால் ஒரு விரல் அகலம் தள்ளி விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் குமிழ் நகர்வது தெரியும். அங்கே அழுத்தும்போது உங்கள் வழக்கமான வலி வருகிறதா, அல்லது பல்லைக் கடித்தால் புடைக்கும் கன்னத் தசையிலும் நெற்றிப்பொட்டிலும் வருகிறதா என்று பாருங்கள். தசை வலிதான் என்றால் மூட்டைக் கழுவுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இரண்டும் கலந்து இருப்பவர்களும் நிறைய.

இரண்டாவது, வாய் எவ்வளவு திறக்கிறது. மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே உங்கள் மூன்று விரல்கள் செங்குத்தாக நுழைந்தால் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர்; அது போதும். இரண்டு விரல்தான் நுழைகிறது, அதுவும் திடீரென்று ஒரு நாளில் அப்படி ஆனது என்றால் கணக்கே வேறு.

பாக்கு, குட்கா போடுபவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. வாய் திறப்பது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காரம் பட்டாலே எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளுத்துக் கயிறு போல் தட்டுப்படுகிறது என்றால் அது தாடை மூட்டுக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. பாக்கால் வரும் வாய் உட்சவ்வு நார்த்திசு நோய் அப்படித்தான் இருக்கும். அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் பல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்றாவது, செய்ததைத் திரும்பப் பெற முடியுமா. இந்த நோய் பலருக்குத் தானாகவே ஏறி இறங்கும், மாதங்களில் தணியவும் செய்யும். தணியக்கூடிய ஒன்றுக்காகத் திரும்ப வராத பல் எனாமலை இழக்கலாமா? எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கனமான அளவுகோல். நான்காவது, மறைமுகச் செலவு: திரும்பத் திரும்பப் போக வேண்டிய நடை, பக்கவிளைவு, ஒன்றை நம்பி இன்னொன்றைத் தள்ளிப்போட்ட காலம்.

| வழி | எந்தக் கண்ணியைத் தொடுகிறது | திரும்பப் பெறலாமா | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| பழக்கமும் பயிற்சியும் | சுமையின் அளவு, விதம் | ஆம் | வாரக்கணக்கில் விடாமுயற்சி |
| நைட் கார்டு | இரவுச் சுமையின் பரவல் | சரியாகச் செய்தால் ஆம் | சரிபார்ப்பு நடை, கடி மாறும் ஆபத்து |
| வலி மாத்திரை | ப்ரோஸ்டாகிளாண்டின் | ஆம் | வயிறு, சிறுநீரகம் |
| மூட்டுக் கழுவல் | அழற்சிப் பொருட்கள், ஒட்டிய வட்டு | ஏறக்குறைய | தற்காலிக முகத் தளர்வு, வீக்கம் |
| ஊசிகள் | மருந்தைப் பொறுத்தது | ஓரளவு | குருத்தெலும்பு அல்லது எலும்பு இழப்பு |
| கடி திருத்தம், அறுவை | மூட்டின், பல்லின் அமைப்பு | இல்லை | ஆயுள் முழுக்க |

## பழக்கமும் பயிற்சியும்

செலவு குறைவு என்பதாலேயே யாரும் மதிக்காத வழி. ஆனால் மேலே சொன்ன செல் ஆய்வை நினைவில் வைத்தால், மெதுவான அசைவு என்பது சும்மா ஆறுதலுக்குச் சொல்வதில்லை என்பது புரியும். 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் நாட்பட்ட தாடை மூட்டு வலிக்கான சர்வதேச வழிகாட்டுதல் ஒன்று வெளியானது. மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, நீட்டல், கையால் செய்யும் மூட்டு அசைப்பு, உளவியல் சார்ந்த நடத்தைச் சிகிச்சை, வீட்டுப் பயிற்சியும் விளக்கமும் ஆகியவற்றைத்தான் அது உறுதியாகப் பரிந்துரைத்தது.

அடிப்படை இதுதான்: உதடு மூடி, பற்கள் விலகி, நாக்கு நுனி "ன" என்று சொல்லும்போது தொடும் இடத்தில் இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, பைக் ஓட்டும்போது, காய் நறுக்கும்போது கவனித்துப் பாருங்கள், பல் கடிபட்டிருக்கும். போனில் மணிக்கு ஒருமுறை நினைவூட்டல் வைத்தாலே பாதிப் பேருக்கு அதிர்ச்சியாக இருக்கும். அதே இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு, கண்ணாடி பார்த்து, தாடை ஒரு பக்கம் கோணாமல் மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஆறு முறை வீதம், நாளில் சில தடவை. தசை இறுக்கத்துக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி ஒத்தடம். கரும்பு, முறுக்கு, சூயிங்கம் கொஞ்ச நாள் வேண்டாம். அதற்காக மாதக்கணக்கில் கஞ்சி மட்டும் குடிக்கவும் வேண்டாம். தாடைக்கு வேலை வேண்டும்.

இதன் மறைமுகச் செலவு சலிப்பு. பத்து நாளில் விட்டுவிட்டு "பயிற்சி எல்லாம் பார்த்தாச்சு" என்று அடுத்த கிளினிக்குக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஆறு வாரமாவது கொடுக்காமல் இதைத் தோல்வி என்று எழுதாதீர்கள். தசை வலிக்காரர்களுக்குப் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். வலியில்லாத வெறும் "டக்" சத்தத்துக்குச் சிகிச்சையே தேவையில்லை.

## நைட் கார்டு

இது பல் அரைப்பதை நிறுத்திவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அரைத்தல் மூளையிலிருந்து வரும் விஷயம். பிளாஸ்டிக் தட்டு அதை நிறுத்தாது. அது செய்வது, கடிவிசையைப் பல பற்களுக்குப் பரப்புவதும், பல் தேயாமல் காப்பதும், சிலருக்குக் கடிக்கும் பழக்கத்தைச் சற்றுக் குறைப்பதும்தான். மேலே சொன்ன பி.எம்.ஜே. வழிகாட்டுதல், நாட்பட்ட வலிக்கு இதை வழக்கமாகக் கொடுப்பதற்கு எதிராகவே சாய்கிறது. தடை என்று சொல்லவில்லை, பலன் நிச்சயமில்லை என்கிறது.

நான் இதை ஒதுக்கமாட்டேன். காலையில் எழும்போதுதான் வலி உச்சத்தில் இருக்கிறது, பல்முனைகள் தேய்ந்து தட்டையாகியிருக்கின்றன, பக்கத்தில் படுப்பவர் அரைக்கும் சத்தம் கேட்கிறது என்கிறார் என்றால் நைட் கார்டு போடலாம். ஆனால் எல்லாப் பல்லையும் மூடும் கெட்டியான அக்ரிலிக் தட்டாக, உங்கள் கடிக்கு அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். முன்பல்லில் மட்டும் மாட்டும் சின்ன வகையை மாதக்கணக்கில் போட்டால், தொடாமல் விட்ட கடைவாய்ப் பற்கள் மேலெழுந்து கடியே மாறிப்போகலாம். கடையில் வாங்கி வெந்நீரில் போட்டு மென்மையாக்கும் ரப்பர் வகையைச் சிலர் சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே தூங்குகிறார்கள். குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் உள்ளவர்கள் தட்டு போடுவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

விலையைக் கேட்கும்போது, அதைச் சரிபார்த்துத் தேய்த்துத் தரும் அடுத்தடுத்த நடைகளும் அதில் அடக்கமா என்று கேளுங்கள். அளவெடுத்துக் கொடுத்ததோடு கைகழுவினால் அந்தத் தட்டு பெரும்பாலும் டப்பாவிலேயே கிடக்கும்.

## மாத்திரை

ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் வகை மாத்திரைகள் ப்ரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன. வலியுள்ள தாடை மூட்டுக்கு நாப்ராக்சென், வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்ததாக 2004இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மூட்டில் அழற்சி தெளிவாக இருக்கும் முதல் சில வாரங்களுக்கு, அதுவும் பயிற்சி செய்ய வலி இடம் கொடுக்காதபோது, இது உதவும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் இருந்தால் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சங்கிலியின் மேல் கண்ணியான சுமை அப்படியே இருக்க, கீழ்க் கண்ணியை மட்டும் மாதக்கணக்கில் அடைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை.

## மூட்டுக் கழுவல்

ஆர்த்ரோசென்டசிஸ் என்று சொல்லப்படும் இதை 1991இல் நிட்சானும் அவருடைய சகாக்களும் விவரித்தார்கள். திடீரென்று வாய் பூட்டிக்கொண்டவர்களுக்காக வந்த முறை. காதின் நடுமுனையிலிருந்து கண்ணின் வெளிமூலைக்குப் பேனாவால் ஒரு கோடு போடுவார்கள். கோட்டில் காதிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி, சற்றே கீழே ஒரு புள்ளி; 20 மில்லிமீட்டர் தள்ளி, இன்னும் கீழே இன்னொன்று. மரத்துப்போக ஊசி போட்டபின் இரண்டு புள்ளிகளிலும் ஊசி நுழையும். ஒன்றின் வழியே ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் உள்ளே போகும், மற்றொன்றின் வழியே சொட்டுச் சொட்டாக வெளியே வரும். நடுவில் வெளியேறும் ஊசியைச் சற்று அடைத்து, உள்ளே அழுத்தம் கொடுத்து ஒட்டிய வட்டை விடுவிப்பார்கள். கழுவும்போதே தாடையை அசைத்து வாயைத் திறக்க வைப்பார்கள்.

சங்கிலியோடு ஒப்பிட்டால் இதன் அழகு புரியும்: உடைந்த துணுக்குகளும் அழற்சிப் பொருட்களும் நீரோடு அடித்துக்கொண்டு போகின்றன, ஒட்டியது பிரிகிறது. வட்டு பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. திரும்பாமலேயே பலருக்கு வாய் திறக்கிறது, வலி குறைகிறது. வட்டு இருக்கும் இடமே எல்லாம் என்ற பழைய நம்பிக்கையை இது நன்றாகவே ஆட்டிவைத்தது.

ஆனால் நாட்பட்ட வலி மட்டும் உள்ள, வாய் நன்றாகத் திறக்கும் ஒருவருக்கு இதை வழக்கமாகச் செய்வதை பி.எம்.ஜே. வழிகாட்டுதல் ஆதரிக்கவில்லை. எனக்கும் அது சரி என்றே படுகிறது. கழுவிய மூட்டை அதே இறுக்கத்தோடு அன்று இரவே கடித்தால் நீர் மறுபடியும் கெடும். செய்துகொண்டால், மறுநாளிலிருந்து பயிற்சி கட்டாயம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மரப்பு மருந்து பரவிச் சில மணி நேரம் கண் இமை மூட முடியாமல் போவதும், காதுக்கு முன் வீங்குவதும் நடக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் கூட ஒருவர் இருக்கட்டும்.

## ஊசிகள்: மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்

ஸ்டீராய்டு அழற்சியை வேகமாக அணைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பே கெடும். வளரும் பிள்ளைகளுக்கு யோசித்தே போட வேண்டும். முடக்குவாதம் போன்ற நோயால் மூட்டு வீங்கியிருக்கும் பெரியவருக்கு இதற்கு இடம் உண்டு.

ஹயலூரானிக் அமிலம், இழந்த மசகைத் திரும்பக் கொடுப்பது போலத் தோன்றும். காகிதத்தில் அருமையான யோசனை. உள்ளே போட்டது அதே நொதிகளாலும் ஃப்ரீ ராடிக்கல்களாலும் உடைபடத்தான் போகிறது. பலன் சிலருக்குக் கொஞ்ச காலம், சிலருக்கு இல்லை. விலையோ அதிகம்.

போடாக்ஸ் மூட்டுக்குள் போவதில்லை, கடிக்கும் தசைக்குள் போகிறது. சுமை நேராகக் குறைகிறது. மூன்று நான்கு மாதத்தில் வேகம் போய்விடும், மறுபடி போட வேண்டும். இங்கேதான் அந்த "சுமையும் வேண்டும்" என்பது திரும்பிக் கடிக்கிறது: முயல்களில் கன்னத் தசைக்கு இந்த ஊசியைப் போட்டபோது தாடைக் குமிழின் எலும்பு அடர்த்தி குறைந்தது. முகம் ஒடுங்க வேண்டும் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

## கடி திருத்தமும் அறுவையும்

வலிக்காகப் பல்லைத் தேய்த்துக் கடியைச் சமன்செய்வது, வலிக்காகவே கம்பி கட்டுவது, வரிசையாக உறை போடுவது: வேண்டாம். கடி சரியில்லாததுதான் இந்த நோய்க்குக் காரணம் என்ற பழைய கருத்தை ஆய்வுகள் பெரிதாக ஆதரிக்கவில்லை. பல் அழகுக்காகக் கம்பி கட்டுவது வேறு விஷயம்.

அறுவைக்கு ஒரு வரலாற்றுப் பாடம் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் வட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைட்டெக் நிறுவனத்தின் ப்ரோப்ளாஸ்ட்-டெஃப்லான் தகடுகளை வைத்தார்கள். மெல்லும் சுமையில் டெஃப்லான் நொறுங்கியது. துகள்களை அந்நியப் பொருளாகக் கண்டு உடலின் பெருஞ்செல்கள் திரண்டன. சுற்றியிருந்த எலும்பு அரிக்கப்பட்டது, சிலருக்கு மண்டையோட்டு அடிப்பகுதி வரை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1990 டிசம்பரில் எச்சரிக்கை விடுத்தது. சுமையைக் கணக்கில் எடுக்காத பொருளும் அதற்கு உடல் காட்டிய வேதி எதிர்வினையும் சேர்ந்து செய்த கொடுமை அது. இன்றைய முழு மூட்டு மாற்றுக் கருவிகள் அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டன. மூட்டு எலும்போடு ஒட்டிக்கொண்டவர்கள், கட்டி உள்ளவர்கள், முழுக்கச் சிதைந்தவர்கள் ஆகியோருக்கு அறுவைதான் வழி. மற்றவர்கள் இரண்டாவது கருத்து கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

## எந்தச் சோதனைக்குப் பணம் கொடுப்பது

மூட்டு நீரை எடுத்து அழற்சிப் பொருட்களை அளந்து, அதை வைத்துச் சிகிச்சையைத் தேர்வு செய்யலாமே என்று தோன்றும். ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்கள், கிளினிக்கில் இன்னும் இல்லை. வட்டுக்கு மேலே உள்ள மூட்டு அறையின் கொள்ளளவே ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். அதிலிருந்து சுத்தமான நீர் எடுப்பது கடினம் என்பதால் உப்புநீர் விட்டுத் திரும்ப உறிஞ்சுகிறார்கள், அது நீர்த்துப்போகிறது. எவ்வளவு நீர்த்தது என்று கணக்கிட ஒரு வகை வைட்டமின் பி12ஐ அடையாளமாகக் கலக்கும் உத்தியும் உண்டு. அத்தனை செய்தும் வலி உள்ளவர், இல்லாதவர் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இதற்கு மேல் போனால் இந்தச் சிகிச்சை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லைக்கோடு எதுவும் இல்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையும் இதைக் காட்டாது. கைவிரல் மூட்டுகளிலும் வீக்கம், காலை விறைப்பு என்றிருந்தால் மட்டும் முடக்குவாதத்துக்கான சி.ஆர்.பி., ஆன்ட்டி-சி.சி.பி. என்ற ரத்தச் சோதனைகளுக்கு அர்த்தம் உண்டு.

எம்.ஆர்.ஐ. வட்டு எங்கே இருக்கிறது என்று காட்டும். சிக்கல் என்னவென்றால் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை எடுத்துப் பார்த்தாலும் மூன்றில் ஒருவருக்கு வட்டு இடம் மாறியிருக்கும். அதனால் அறிக்கையில் "வட்டு நகர்ந்துள்ளது" என்று பார்த்ததும் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எலும்பு தேய்மானத்துக்கு சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண எக்ஸ்ரே, பல் காரணமா என்று பார்க்க எல்லாப் பல்லையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே. எந்தப் படமானாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா, டாக்டர்?" மாறாது என்றால் அந்தப் பணத்தை நல்ல பிசியோதெரபிஸ்ட்டுக்குக் கொடுக்கலாம்.

## உங்கள் நிலைக்கு எது

தசை வலி, வாய் நன்றாகத் திறக்கிறது: பழக்கமும் பயிற்சியும், கூடவே தூக்கத்தையும் மன அழுத்தத்தையும் கவனிப்பது. ஆறு வாரம் கழித்தும் காலை வலி விடவில்லை என்றால் கெட்டியான நைட் கார்டைச் சேர்க்கலாம்.

மூட்டில் அழுத்தினால் வலி, மெல்லும்போது கூடுகிறது: மருத்துவர் சொல்லும் சில வார மாத்திரை, மென்மையான உணவு, வலி தணிந்ததும் பயிற்சி.

முன்பு "டக்" சத்தம் இருந்தது, ஒரு நாள் சத்தம் நின்று வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை: இது காத்திருக்கும் விஷயம் அல்ல. சில நாட்களுக்குள் தாடை அறுவை மருத்துவரைப் பாருங்கள். முதலில் கையால் விடுவிக்க முயல்வார்கள், வரவில்லை என்றால் மூட்டுக் கழுவல். இந்த நிலைக்கு மட்டும் கழுவலை முன்வரிசையில் வைக்கிறேன், தள்ளிப்போட்டால் அதன் பலன் குறையும்.

வாய் திறந்தபடியே மூட முடியாமல் மாட்டிக்கொண்டால் அவசரப் பிரிவு. ஐம்பது வயதுக்கு மேல் மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, கூடவே நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால் அதுவும் அவசரம். ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம், பார்வை பறிபோகக்கூடும். நடக்கும்போது தாடையில் வலி வருகிறது, நடையை நிறுத்தினால் போய்விடுகிறது என்றால் அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம்; பல் மருத்துவரிடம் போகாமல் முதலில் ஒரு இ.சி.ஜி. எடுங்கள்.